இந்த இடம் முன்னே என்னவாக இருந்தது?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் இயக்க ஊழியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுத்திருக்கும் விஷயத்தைக் கேட்டதும் உங்களில் சிலர் சிரித்திருப்பீர்கள். தண்ணீரைப் பற்றியும் காற்றைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் ஜனங்களிடம் ஒரு விழிப்பு வந்திருக்கிறது. அந்த விழிப்பு, இனிமேல் வீடு வாங்கப் போகிறவர்களின் ஆசைகளை எப்படி மாற்றி வருகிறது? இதுதான் விஷயம். "வாடகை பாக்கி வைத்திருக்கிறவன் கூட்டத்தில் வீடு வாங்குகிறவனைப் பற்றி என்ன பேச்சு?" என்று ஒரு தோழர் வாசலிலேயே என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

வீட்டை வாங்குகிறவன் யாராக இருந்தாலும், கட்டுகிறவன் நம்மவன். கொத்தனாரும் சித்தாளும் கம்பி கட்டுகிறவரும் நம் வீட்டுப் பிள்ளைகள். அந்த வீட்டுக்குப் போகிற மணலும் தண்ணீரும் நம் ஊர் ஆற்றிலிருந்தும் கிணற்றிலிருந்தும் போகின்றன. இதெல்லாம் போக, நாமும் வாங்குகிறோம், தோழர்களே! முப்பது வருஷம் ஸ்பின்னிங்கில் நின்று பஞ்சுத்தூசி தின்ற தொழிலாளி, கையில் வருகிற கிராஜுவிட்டிப் பணத்தைக் கொண்டுபோய் எங்கே போடுகிறான்? இரண்டரை சென்ட் சைட்டில் போடுகிறான். இல்லாவிட்டால் மகன் வாங்கும் வீட்டுக்கு முன்பணமாகக் கொடுக்கிறான். அந்தப் பணம் தண்ணீரில் போகலாமா? நான் சொல்வது வெறும் வாய்ப்பேச்சுத் தண்ணீர் இல்லை. நிஜமான தண்ணீர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

நம் சங்கத்துப் பழைய தோழர் ஒருவர், ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகன் சென்னைப் பக்கம் ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். மகனுக்கு வீடு பார்க்க வேண்டும், நீயும் வா என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சென்னைக்குத் தெற்கே ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டிடம். வாசலில் பச்சைப் பலகை. உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மை வீடு, பொம்மை மரம், பொம்மைக் குளம். கழுத்தில் டை கட்டிய ஒரு தம்பி எங்களுக்குக் குளிர்பானம் கொடுத்து உட்கார வைத்தான்.

வீடு பார்க்க வந்திருந்த மற்றக் குடும்பங்கள் கேட்ட கேள்விகளை நான் கவனித்துக் கேட்டேன். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் என்ன கேட்பார்கள்? ரயிலடி எவ்வளவு தூரம், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், வாசல் கிழக்கா வடக்கா என்று கேட்பார்கள். இப்போது ஒரு பெண்மணி எடுத்த எடுப்பில் கேட்டார்: "2015-ல் இங்கே எத்தனை அடி தண்ணீர் நின்றது?" இன்னொருவர், "போர் எத்தனை அடி? கோடையில் லாரித் தண்ணீர்தானா?" என்றார். மூன்றாவது ஒருவர், மேற்குச் சுவரில் வெயில் எத்தனை மணி நேரம் விழும் என்று கேட்டார். கழிவுநீர் எங்கே போகிறது, குப்பை மேடு எவ்வளவு தூரம், கரண்டு கார் வைத்தால் சார்ஜ் ஏற்ற வசதி உண்டா, மாடியில் சூரியத் தகடு உண்டா என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன.

கடைசியில் நம் தோழர் கேட்டார்: "ஏனுங்க தம்பி, இந்த எடம் முன்னால என்னவா இருந்துச்சுங்க?"

அந்தத் தம்பி ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "எல்லாம் அப்ரூவல் ஆன லேண்டுதான் சார்" என்றான்.

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. அந்த ஒரு கேள்வியைத்தான் இன்று உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறேன்.

மூன்று அடிகள்

ஜனங்களுக்கு இந்த விழிப்பு புஸ்தகம் படித்து வந்ததல்ல, பட்டுத் தெரிந்தது. சென்னை மாநகரம் எட்டு வருஷத்துக்குள் மூன்று அடி வாங்கியது.

முதல் அடி 2015. அந்த நவம்பர் மாதம் மட்டும் சென்னையில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. டிசம்பர் 1-ந் தேதி மறுபடி பேய் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாறு கரை புரண்டு ஊருக்குள் வந்தது. கீழ்த்தளத்தில் இருந்தவன் மேல்தளத்துக்கு ஓடினான். குடிசையில் இருந்தவனுக்கு மேல்தளம் ஏது? மத்தியக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்டது. இது மனிதன் விளைவித்த பேரிடர் என்று அந்த அறிக்கையே சொல்லிற்று.

இரண்டாவது அடி 2019. வெள்ளத்தில் மிதந்த அதே ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு பாளம் பாளமாக வெடித்தன. ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய வீட்டில் குழாயைத் திறந்தால் வெறும் காற்று!

மூன்றாவது அடி 2023. டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் மறுபடி தண்ணீரில் நின்றன. 2015-க்குப் பிறகு பார்த்துப் பார்த்து வாங்கியவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

இப்படி மூன்று முறை பட்ட பிறகுதான் வாங்குகிறவன் வாயில் புதிய கேள்விகள் பிறந்தன. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். ஆனால் இவை சரியான கேள்விகள். இவற்றைப் பணக்காரனின் சொகுசு என்று நாம் ஒதுக்கக் கூடாது. கடன் வாங்கி இருபது வருஷம் தவணை கட்டுகிற நடுத்தர உத்தியோகஸ்தன், தன் பிள்ளை குடிக்கிற தண்ணீரைப் பற்றிக் கேட்கிறான். அதில் என்ன தப்பு?

தண்ணீர் யார் வீட்டுக்குள் வந்தது?

தண்ணீர் வீட்டுக்குள் வந்தது என்கிறோம். உண்மையில் யார் யார் வீட்டுக்குள் வந்தார்கள்?

தென் சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் என்று ஒன்று உண்டு. சுற்றியுள்ள பல ஏரிகளின் உபரித் தண்ணீர் அங்கே வந்து தங்கி, மெள்ள மெள்ள ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் கழிமுகம் போய்க் கடலில் சேர வேண்டும். இயற்கை வைத்திருந்த பஞ்சு மெத்தை அது. மழையில் உறிஞ்சும், கோடையில் கொடுக்கும். அறுபதுகளில் அது 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. இன்று அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. மாநகரக் குப்பை கொட்டப் பெருங்குடியில் ஒரு பகுதி, சாலைக்கு ஒரு பகுதி, சர்க்கார் கட்டிடங்களுக்கு ஒரு பகுதி, கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு ஒரு பகுதி, அடுக்குமாடிகளுக்கு ஒரு பகுதி! மிச்சம் இருந்ததை 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈர நிலம் என்று அறிவித்தார்கள்.

2025-ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அந்த எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் ஆய்வு முடிகிற வரை கட்டிட அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. சதுப்பு நிலத்தைக் காப்பது நல்லதுதான். ஆனால் சிக்கியவர்கள் யார் என்று பாருங்கள். பெரிய கம்பெனிகள் கட்டி, விற்று, பணத்தை எண்ணிக்கொண்டு போன பிறகு, சின்ன மனை வாங்கி வைத்துவிட்டு அனுமதிக்காகக் காத்திருந்த சாதாரண ஜனங்களும் அதில் மாட்டினார்கள். முதலில் விற்றவனுக்கு லாபம், கடைசியில் வாங்கியவனுக்குத் தலைவலி. லாபவேட்டையின் இலக்கணமே இதுதான்.

பச்சைப் பலகையின் கதை

வாங்குகிறவனின் பயத்தைக் கட்டிட முதலாளி எப்படிப் பயன்படுத்திக்கொண்டான் என்று பாருங்கள். பயத்தைப் போக்கவில்லை. பயத்தையே சரக்காக மாற்றி விற்கிறான். முன்பு நீச்சல் குளம் என்று விளம்பரம் செய்தவன், இப்போது 'பசுமை வீடு' என்று விளம்பரம் செய்கிறான். ஏரியைத் தூர்த்துக் கட்டியவனே 'ஏரியைப் பார்த்த பால்கனி' என்று கூடுதல் விலை கேட்கிறான்! (சிரிப்பு)

பசுமைச் சான்றிதழ் என்பது முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். 2001-ல் இந்தியத் தொழில் கூட்டமைப்பின் கீழ் இந்தியப் பசுமைக் கட்டிடக் கவுன்சில் தொடங்கப்பட்டது. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று அது தரம் பிரிக்கிறது. சர்க்கார் ஆதரவோடு 'கிரிஹா' என்ற நட்சத்திரக் கணக்கும் இருக்கிறது. வீடுகள் கரண்டைக் குறைவாகச் செலவழிக்கும்படி கட்டுவதற்கு 2018-ல் மத்திய சர்க்கார் ஒரு விதித் தொகுப்பையும் வெளியிட்டது. குளித்த தண்ணீரைச் சுத்தம் செய்து கழிப்பறைக்கு விடுவது, ஜன்னலுக்கு மேல் நிழல் இறக்குவது, மழை நீரைக் கிணற்றில் இறக்குவது எல்லாம் நல்ல காரியங்கள்.

ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கட்டிடம் எழும்பும் முன்பே வரைபடத்தைப் பார்த்து முன்சான்றிதழ் கொடுக்கிற வழக்கம் உண்டு. அதைக் காட்டித்தான் பலர் விற்கிறார்கள். கட்டி முடித்த பிறகு கிடைக்கும் சான்றிதழ் வேறு. வாங்குகிறவன் இரண்டையும் பிரித்துக் கேட்க வேண்டும். மற்றொன்று, சான்றிதழ் ஒரு கட்டிடத்தின் உள்ளே இருப்பதைத்தான் பெரும்பாலும் எடை போடுகிறது. சுற்றியுள்ள ஏரியும் ஓடையும் செத்துப்போனால், பிளாட்டினம் வீடும் மிதக்கும். தண்ணீருக்குப் பிளாட்டினம் தெரியுமா, தகரம் தெரியுமா? தன் மனைக்குள் மட்டும் சுற்றுச்சூழலைச் சுவர் வைத்து அடைத்துவிடலாம் என்று நினைக்கிறவன் ஏமாந்து போவான்.

2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நல்ல சட்டம். அடுத்த சில வருஷங்களில் கிணறுகளில் தண்ணீர் ஏறியதை ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். பிறகு குழியைத் தூர் வார ஆள் இல்லை, கேட்க அதிகாரி இல்லை. 2019-ல் ரயில் வர வேண்டியதாயிற்று. சட்டம் எழுதினால் போதாது, தெருவே சேர்ந்து அதைக் காவல் காக்க வேண்டும்.

ஆற்றங்கரை ஜனங்கள்

இனி நாணயத்தின் மறுபக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றைக் காக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. நல்ல குரல். ஆனால் முதலில் யார் மேல் கை வைத்தார்கள்? அடையாறு, கூவம் கரைகளில் குடிசை போட்டிருந்த ஏழைகள் மேல். வீட்டு வேலை செய்கிற பெண்கள், மீன் விற்கிறவர்கள், கட்டிடத் தொழிலாளிகள். அவர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்குப் பெயர்த்தார்கள். வேலை செய்த இடத்துக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல். நடுவில் பள்ளி மாறிய பிள்ளைகளில் எத்தனையோ பேர் படிப்பை விட்டார்கள்.

பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது, தெரியுமா? அதே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில்! வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி ஆற்றங்கரையிலிருந்து தூக்கி, தண்ணீர் தேங்குகிற இடத்தில் கொண்டு போய் வைத்தார்கள். 2023 மழையில் அந்த ஜனங்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்தார்கள். ஆற்றை மறித்து எழுந்த பெரிய கட்டிடங்களுக்கோ அவ்வளவு சீக்கிரம் புல்டோசர் போகவில்லை.

1872-ல் ஏங்கெல்ஸ் வீட்டுப் பிரச்னையைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். முதலாளிகள் சேரிப் பிரச்னையைத் தீர்ப்பதில்லை, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்த்துகிறார்கள் என்பது அவர் காட்டிய உண்மை. நூற்றைம்பது வருஷம் கழித்து அது நம் கண் முன்னே நடந்தது. அதனால்தான் சொல்கிறேன்: சுற்றுச்சூழல் என்ற சொல்லை நாம் மற்றவர்களிடம் விட்டுவிட்டால், அந்தச் சொல்லாலேயே நம்மைக் காலி செய்வார்கள்.

ஒரு வீட்டுக்குள் எத்தனை ஊர்!

விவசாயத் தொழிலாளத் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பட்டணத்தில் ஒரு வீடு எழுந்தால் நாட்டுப்புறத்தில் எங்கோ ஒரு பள்ளம் விழுகிறது.

மணல் எங்கிருந்து போயிற்று? பாலாற்றிலிருந்தும் காவிரி, கொள்ளிடத்திலிருந்தும் போயிற்று. ஆற்று மணல் என்பது தண்ணீரைப் பிடித்து வைக்கும் தொட்டி. மணலை அள்ளினால் ஆற்றோரக் கிணறுகளில் தண்ணீர் இறங்கிவிடும். சிமெண்ட் எங்கிருந்து வருகிறது? அரியலூரில் சுண்ணாம்புக் கல்லைத் தோண்டி, ஏறக்குறைய 1,450 டிகிரி சூட்டில் வேக வைத்து எடுக்கிறார்கள். எரிக்கிற கரியிலிருந்து மட்டுமல்ல, அந்தக் கல்லுக்குள்ளிருந்தே கரியமில வாயு வெளியே வருகிறது. பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவில், உலகம் முழுவதும் மனிதன் வெளியிடுவதில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டினால் வருவது.

தண்ணீர்? பஞ்ச காலத்தில் சென்னைக்கு லாரி லாரியாகப் போனது காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்து விவசாயக் கிணற்றுத் தண்ணீர். கிணற்றுக்காரனுக்குத் தண்ணீர் விற்றால் காசு. நெல் விளைவித்து நஷ்டப்படுவதைவிட அவனுக்கு அது லாபம். ஆனால் கிணற்றுத் தண்ணீர் லாரியில் ஏறினால் நடவு இல்லை, களை இல்லை, அறுப்பு இல்லை. கூலிக்காரன் வீட்டில் அடுப்பு இல்லை. பட்டணத்துக்காரன் குளிக்கிற தண்ணீரில் நம்முடைய கூலி கரைந்து போகிறது!

கட்டுகிற தொழிலாளியின் கதி என்ன? 2023 புயல் மழையில் வேளச்சேரியில் கட்டிட வேலைக்காகத் தோண்டிய பெரும் பள்ளத்தின் கரை இடிந்து விழுந்தது. வேலையில் இருந்த இருவர் அதில் சிக்கினார்கள். பல நாள் கழித்துத்தான் உடல்களை எடுக்க முடிந்தது. புயல் வருகிறது என்று வானொலியும் டெலிவிஷனும் அலறிக்கொண்டிருந்த போது அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் ஆட்கள் ஏன் இருக்க வேண்டியிருந்தது? பசுமைச் சான்றிதழுக்குக் கணக்குப் போடுகிறவர்கள் கட்டிடத்தில் சிந்திய ரத்தத்துக்கும் ஒரு கணக்குப் போட வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

நம்முடைய பசுமை வீடு

'பசுமை வீடு' என்றால் நமக்கு வேறு ஒன்று ஞாபகம் வரும். 2011-12-ல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சூரிய மின்சக்திப் பசுமை வீடுகள் திட்டம் தொடங்கியது. 300 சதுர அடி, 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய், ஒரு வீட்டுக்குச் சூரிய சக்தியில் எரியும் 5 விளக்கு. ஓலைக் குடிசையில் இருந்தவனுக்கு அது பெரிய வரவு, மறுக்கவில்லை. 2024-ல் தொடங்கிய கனவு இல்லத் திட்டத்தில் வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் என்றார்கள். இவற்றைப் போராடிப் பெற வேண்டும். ஆனால் தொகையை மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறோமே! அந்த வீடு கோடையில் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டோமா? கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து ராத்திரி முழுக்க நம் மேல் கக்குகிறது. சிமெண்ட் அட்டைக் கூரை அதைவிட மோசம். ஆஸ்பெஸ்டாஸ் எந்த வகையானாலும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அந்த அட்டையின் கீழேதான் நம் தாய்மார்கள் பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள். ராத்திரி ஷிப்டு முடித்து வந்த தொழிலாளி பகலில் அதன் கீழே எப்படித் தூங்குவான்? தூங்காதவன் கை மறுநாள் மெஷினில் தவறினால் யார் பொறுப்பு? 2024-ல் தமிழ்நாடு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்று ஒப்புக்கொண்ட பிறகு, கூரையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா?

மத்திய சர்க்கார் 2024-ல் வீட்டுக் கூரையில் சூரியத் தகடு போட மானியம் அறிவித்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். சந்தோஷம். ஆனால் மானியம் வாங்கச் சொந்தக் கூரை வேண்டும். வாடகை லைன் வீட்டில் பத்துக் குடும்பம் இருந்தால் கூரை வீட்டுக்காரனுடையது, வெயில் மட்டும் நம்முடையது!

குறைந்த செலவில் குளிர்ந்த வீடு கட்ட முடியாதா? முடியும் என்று பக்கத்து மாநிலத்தில் காட்டியிருக்கிறார்கள். லாரி பேக்கர் என்ற கட்டிடக் கலைஞர், 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, 1945-ல் இந்தியாவுக்கு வந்து, கேரளத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்தவர். செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையை அவர் பரப்பினார். எலிப்பொறிக் கட்டு என்று அதற்குப் பெயர். செங்கல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம். நடுவில் நிற்கிற காற்று வெயிலை உள்ளே விடாது. தளம் போடும்போது, அடிப்பக்கம் பாரம் தாங்காத இடங்களில் கான்கிரீட்டுக்குப் பதிலாகப் பழைய ஓட்டை வைத்தார். சிமெண்டும் மிச்சம், கம்பியும் மிச்சம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். அந்தத் தனி வளையை எலிப்பொறிக் கட்டில் கட்டலாம், தோழர்களே! (சிரிப்பு)

கேரள முதல் மந்திரியாக இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் சி. அச்சுத மேனன், பேக்கரோடும் பொருளாதார அறிஞர் கே.என். ராஜோடும் சேர்ந்து 1985-ல் 'காஸ்ட்போர்டு' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். ஏழைகளுக்கு மலிவாகவும் இயற்கைக்கு இசைவாகவும் வீடு கட்டுவது அதன் வேலை. சுற்றுச்சூழலும் ஏழையின் பைச் செலவும் எதிரிகள் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

முன்பணம் கொடுக்கும் முன்

இனி வேலைக்கு உதவுகிற விஷயம். சைட் வாங்கினாலும், அடுக்குமாடியில் வீடு வாங்கினாலும், சர்க்கார் ஒதுக்கீடு கொடுத்தாலும், அட்வான்ஸ் கொடுக்கும் முன், கையெழுத்துப் போடும் முன், இவற்றைக் கேளுங்கள்.

முதலில், இந்த இடம் முன்னே என்னவாக இருந்தது? கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைப் பாருங்கள். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் என்று அதில் இருந்தால் தொடாதீர்கள். புல வரைபடத்தில் வாய்க்கால் கோடு போகிறதா என்று பாருங்கள். காகிதத்தை மட்டும் நம்பாமல், அந்த ஊரில் ஆடு மாடு மேய்த்த கிழவர் ஒருவரைப் பிடித்து, மழைக் காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேளுங்கள்.

இரண்டாவது, அனுமதி உண்டா? அனுமதியற்ற மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று 2016-ல் சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்ட போது எத்தனை தொழிலாளிக் குடும்பங்கள் தவித்தன என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த வருஷம் வரைமுறைத் திட்டம் வந்தது. ஆனால் நீர்நிலையில் விழுந்த மனைக்கு அதிலும் வழி இல்லை.

மூன்றாவது, பெரிய கட்டிடமானால் ரெரா பதிவு எண் என்ன? 2016-ல் வந்த அந்தச் சட்டத்தின்படி, வீட்டை ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை கண்டால், கட்டியவனே காசு வாங்காமல் சரி செய்து தர வேண்டும். இது பிச்சையல்ல, உரிமை.

நான்காவது, குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது? விற்பவன் சொல்லைக் கேட்காமல், சித்திரை மாதம் ஒரு முறை, ஐப்பசி அடைமழையில் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள்.

ஐந்தாவது, வெயில் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம்? மேற்குச் சுவருக்கு நிழல் உண்டா? எதிரெதிரே ஜன்னல் உண்டா? மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே வீட்டுக்குள் சூடு குறையும். அதற்குச் சான்றிதழ் வேண்டாம், ஒரு வாளி சுண்ணாம்பும் ஒரு மட்டையும் போதும்.

தோழர் என்ன செய்தார்?

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நம் தோழர் அன்று முன்பணம் கொடுக்கவில்லை. மகனுக்கு முகம் வாடிவிட்டது. மருமகள் மட்டும், "மாமா கேட்டதுக்கு அவங்க பதில் சொல்லலையே" என்றாள். மறுநாள் அவர்கள் கிராம அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்தார்கள். பக்கத்து நிலம் ஏரி உள்வாய். கிராஜுவிட்டிப் பணம் தப்பியது.

ரயிலில் திரும்பி வரும்போது அவர் என்னிடம் சொன்னார்: "நாம வாங்காம தப்பிச்சோம். வேற யாரோ ஒருத்தன் வாங்குவான். அவனும் நம்மள மாதிரி ஒருத்தன்தானே?"

அந்த வார்த்தை என்னை இன்னும் விடவில்லை, தோழர்களே. ஒருவன் கேள்வி கேட்டுத் தப்பிக்கலாம். ஊர் தப்பிக்க வேண்டுமானால் ஊரே கேட்க வேண்டும். வாங்குகிறவன் தனியாளாக நிற்கும் வரை கட்டிட முதலாளி பயத்தை விற்றுக்கொண்டே இருப்பான். வாங்குகிறவனும் கட்டுகிறவனும் தண்ணீர் கொடுக்கிற கிராமத்தானும் ஒரே வரிசையில் நின்றால் அந்த வியாபாரம் நடக்காது.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு ஊராட்சியிலும் நீர்நிலைகளின் பழைய வரைபடத்தை ஜனங்கள் பார்க்கும்படி சுவரில் எழுதி வை! வெள்ளம் வந்த மட்டத்தைத் தெருவுக்குத் தெரு குறித்து வை! ஏழையைப் பெயர்ப்பதானால் தண்ணீர் தேங்காத, வேலைக்குப் பக்கத்தில் உள்ள இடம் கொடு! சர்க்கார் வீட்டில் வெயில் தாங்கும் கூரை போடு! சிமெண்ட் அட்டைக் கூரைகளை மாற்ற நிதி ஒதுக்கு! புயல் எச்சரிக்கை நாளில் கட்டிட வேலையை நிறுத்தி, அன்றைய கூலியைக் கொடு!

அடுத்த மாதக் கிராம சபைக்கு இங்குள்ள ஒவ்வொரு கிளையும் தன் ஊர் ஏரி, குளம், ஓடைகளின் பட்டியலை எழுதிக்கொண்டு போக வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளையைக் கூட்டிக்கொள்ளுங்கள். போய், எழுந்து நின்று, நம் பழைய தோழர் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள்: இந்த இடம் முன்னே என்னவாக இருந்தது?

பதில் வருகிற வரை உட்காராதீர்கள்.